படத்தில் அளவெடுக்க வருகிறவர்களுக்கு

உலோகச் சோதனைக் கூடத்திலும், பிறகு கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் படங்களைப் பார்த்து அளவெடுப்பதே என் வேலையாக இருந்தது. அந்தக் காலத்தில் அச்சிட்ட போட்டோவின் மேல் ஸ்கேலை வைத்து அளந்தோம். இன்று பிள்ளைகள் ஜிம்ப், போட்டோஷாப், இமேஜ்ஜே என்று ஏதாவது ஒரு மென்பொருளைத் திறக்கிறார்கள். இரண்டு இடத்தில் சொடுக்குகிறார்கள். திரையில் வரும் எண்ணை அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுகிறார்கள். அந்த எண்ணை நம்பி ஒரு தொழிற்சாலை ஒரு லோடு வார்ப்பைத் தள்ளுபடி செய்யும். ஒரு டாக்டர் ஒரு பெண் குழந்தைக்கு முதுகுப்பட்டை மாட்டலாமா என்று முடிவெடுப்பார். அதனால்தான் வயதில் மூத்தவன் என்ற உரிமையில் இவற்றைச் சொல்கிறேன்.

1. மென்பொருளுக்குத் தெரிந்தது பிக்சல் மட்டும்தான்.

திரையில் நீங்கள் கோடு இழுத்ததும் அது செய்வது பள்ளிக்கூடக் கணக்கு. இடமிருந்து வலமாக எத்தனை பிக்சல், மேலிருந்து கீழாக எத்தனை பிக்சல் என்று எண்ணி, இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்கிறது. 300-ம் 400-ம் என்றால் 500. அவ்வளவுதான் அதன் அறிவு. அந்த 500 பிக்சல் ஒரு எறும்பின் காலா, ஒரு கோபுரத்தின் நிலையா என்று அதற்குத் தெரியாது.

அப்படியானால் சில சமயம் மில்லிமீட்டரிலேயே விடை வருகிறதே என்று கேட்பீர்கள். படக்கோப்புக்குள் ஓர் அங்குலத்துக்கு இத்தனை பிக்சல் என்று ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். கேமரா படங்களில் அது பெரும்பாலும் 72 அல்லது 300. அச்சிடும்போது காகிதத்தில் படம் எவ்வளவு பெரிதாக விழ வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட எண் அது. படம் பிடித்த பொருளின் அளவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த எண்ணைக் கொண்டு மென்பொருள் கணக்குப் போட்டுத் தரும் மில்லிமீட்டரை எடுத்து எழுதினால், நீங்கள் எழுதுவது காகிதத்தின் மில்லிமீட்டர்.

ஸ்கேனர் மட்டும் இதற்கு விலக்கு. தட்டையான கண்ணாடி ஸ்கேனரில் 600 என்று வைத்து ஓர் இலையை ஸ்கேன் செய்தால், ஓர் அங்குலமான 25.4 மில்லிமீட்டருக்கு உண்மையாகவே சுமார் 600 பிக்சல் இருக்கும். இலை, துணி, காகிதம், ஓலைச்சுவடி நறுக்கு போன்ற தட்டையான பொருளாக இருந்து, கண்ணாடியின் மேல் வைத்தால் கெடாது என்றும் தெரிந்தால், கேமராவைத் தேடாமல் ஸ்கேனரிடம் போங்கள். அங்கேயும் நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று என இரண்டு ஸ்கேலைக் கூடவே வையுங்கள். விளக்குப் பட்டை நகரும் திசையிலும் அதற்குக் குறுக்கேயும் அளவு இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள்.

2. அளவுகோல் படத்துக்குள் இருக்க வேண்டும்.

படம் எடுத்த பிறகு வரும் எந்த ஞானமும் இதற்கு ஈடாகாது. பொருளின் பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்துவிட்டு எடுங்கள். பளபளப்பான ஸ்கேல் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துக் கோடுகளை மறைக்கும். மங்கலான பூச்சுள்ள ஸ்கேல் நல்லது. பிளாஸ்டிக் ஸ்கேலை நம்புவதற்கு முன் ஒருமுறை நல்ல ஸ்டீல் ஸ்கேலோடு ஒட்டவைத்துப் பாருங்கள்.

ரூபாய் நாணயத்தை வைத்து எடுப்பது நம் ஊரில் பழக்கமாகிவிட்டது. அதை விட்டுவிடுங்கள். ஒரே மதிப்புள்ள நாணயம் காலத்துக்குக் காலம் வேறு வேறு விட்டத்தில் வந்திருக்கிறது. பத்து வருஷம் கழித்து உங்கள் படத்தைப் பார்ப்பவருக்கு அது எந்த வரிசை நாணயம் என்று தெரியப்போவதில்லை. பேனா, தீப்பெட்டி, கை விரல் இவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

3. ஸ்கேல் பொருளின் அதே மட்டத்தில் இருக்கட்டும்.

பிள்ளைகள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். அதனால் கணக்கோடு சொல்கிறேன். மேசையில் ஒரு சிறு சட்டி இருக்கிறது. கேமரா மேசைக்கு நேர் மேலே 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்கேலை மேசையிலேயே வைத்துவிட்டீர்கள். சட்டியின் வாய் மேசையிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் வாய்க்கும் கேமராவுக்கும் 45 சென்டிமீட்டர்தான். பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். எத்தனை மடங்கு என்றால் 50-ஐ 45-ஆல் வகுத்த அளவு. 90 மில்லிமீட்டர் வாய் 100 மில்லிமீட்டராக அளவில் வரும். மென்பொருள் சரியாகவே அளந்தது, உங்கள் கையும் நடுங்கவில்லை, ஆனாலும் நூற்றுக்குப் பதினொன்று தப்பு.

மருந்து எளிது. ஸ்கேலின் அடியில் மரத்துண்டோ நோட்டுப் புத்தகமோ கொடுத்து, அளக்க வேண்டிய விளிம்பின் உயரத்துக்கு அதைத் தூக்குங்கள். அத்துடன் கேமராவைத் தள்ளி வைத்து ஜூம் பண்ணுங்கள். இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் அதே 5 சென்டிமீட்டர் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டரையாகக் குறைந்துவிடும். போனின் சாதாரண லென்ஸைக் கொண்டு பொருளின் மூக்குக்குள் நுழைந்து எடுக்கும் பழக்கம் அழகுக்கு வேண்டுமானால் சரி, அளவுக்கு ஆகாது.

4. கேமரா நேராகப் பார்க்க வேண்டும்.

சுவரில் உள்ள கல்வெட்டோ, தரையில் உள்ள விரிசலோ, அந்தப் பரப்புக்குச் செங்குத்தாக லென்ஸ் நிற்க வேண்டும். 10 டிகிரி சாய்ந்தால் சாய்ந்த திசையில் நீளம் நூற்றுக்கு ஒன்றரை குறையும். பரவாயில்லை என்று விடலாம். 30 டிகிரி சாய்ந்தால் நூற்றுக்குப் பதின்மூன்று குறையும். அதோடு கிட்டத்து ஓரம் பெரிதாகவும் தூரத்து ஓரம் சிறிதாகவும் விழுந்து, ஒரே படத்துக்குள் இடத்துக்கு இடம் அளவு மாறும். ரசமட்டமும் மூலைமட்டமும் கொத்தனாருக்கு மட்டும் உரியவை என்று நினைக்காதீர்கள். ட்ரைபாடின் மேல் கேமராவைப் பூட்டும் ஒவ்வொருவருக்கும் அவை வேண்டும்.

தடயவியல் துறையினர் இதற்கு ஓர் அருமையான ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அமெரிக்கத் தடயவியல் பல் மருத்துவ வாரியத்தின் பெயரில் 1988 முதல் வழங்கிவரும் அந்த அளவுகோல் 'எல்' எழுத்தின் வடிவத்தில் இருக்கும். இரண்டு கரங்களிலும் மில்லிமீட்டர் கோடுகள். கூடவே மூன்று வட்டங்கள். கேமரா நேராக இருந்தால் வட்டம் வட்டமாகத் தெரியும். சாய்ந்திருந்தால் முட்டை வடிவமாகத் தெரியும். காயத்தின் அருகே அதை வைத்து எடுத்த படத்தைப் பார்த்ததுமே அது அளக்கத் தகுந்த படமா இல்லையா என்று சொல்லிவிடலாம். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஒரு சதுரமும் ஒரு வட்டமும் அச்சிட்ட அட்டையை நீங்களே செய்துகொள்ளலாம். அச்சிட்ட பிறகு ஸ்கேலால் அளந்து பாருங்கள். பிரிண்டர்கள் தாளில் பொருந்தச் செய்வதாக எண்ணிச் சில சமயம் தாமாகவே படத்தைச் சுருக்கிவிடும்.

அகலப் பார்வை லென்ஸ்கள் ஓரங்களை வளைக்கும். அளக்க வேண்டியதையும் ஸ்கேலையும் படத்தின் நடுப்பகுதியில் வையுங்கள்.

5. பிக்சலை மில்லிமீட்டராக்கும் வேலையை அவசரமில்லாமல் செய்யுங்கள்.

இமேஜ்ஜேயில் இது மிக எளிது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் பணிபுரிந்த வேய்ன் ராஸ்பண்ட் 1997-இல் வெளியிட்டு, யாரும் காசில்லாமல் பயன்படுத்தும்படி விட்ட மென்பொருள் அது. உலகம் முழுக்க உயிரியல் ஆய்வுக்கூடங்கள் அதை நம்பி இருக்கின்றன. படத்தில் தெரியும் ஸ்கேலின் மேல் நேர்கோட்டுக் கருவியால் ஒரு கோடு இழுங்கள். 'அனலைஸ்' பட்டியில் 'செட் ஸ்கேல்' திறந்து, அந்தக் கோடு உண்மையில் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். அதன் பிறகு நீங்கள் இழுக்கும் கோடெல்லாம், 'எம்' விசையை அழுத்தினால், மில்லிமீட்டரிலேயே பட்டியலில் விழும்.

அந்தப் பெட்டியிலேயே 'குளோபல்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதில் டிக் போட்டால் அடுத்தடுத்துத் திறக்கும் எல்லாப் படங்களுக்கும் இதே அளவு ஒட்டிக்கொள்ளும். எல்லாப் படத்தையும் கேமராவை அசைக்காமல் எடுத்திருந்தால் மட்டும் டிக் போடுங்கள்.

போட்டோஷாப்பில் 'இமேஜ்' பட்டியின் 'அனாலிசிஸ்' பகுதியில் இதே வசதி இருக்கிறது. ஜிம்ப்பின் அளவுக் கருவியில் இப்படி நேரடியாகச் சொல்ல வழியில்லை. ஆனால் முதல் அறிவுரையில் நான் எச்சரித்த அந்த அங்குலக் கணக்கு எண்ணையே உங்களுக்கு வேலை செய்ய வைக்கலாம். படத்தில் 100 மில்லிமீட்டர் 2000 பிக்சலாக விழுந்திருக்கிறது என்று வையுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு 20. அதை 25.4-ஆல் பெருக்கினால் 508. 'பிரிண்ட் சைஸ்' பெட்டியில் இரண்டு திசைக்கும் 508 என்று கொடுத்து, அலகை மில்லிமீட்டர் என்று மாற்றிவிடுங்கள். இனி அளவுக் கருவி சொல்வது பொருளின் மில்லிமீட்டர். ஒரு பிக்சலைக்கூட இது மாற்றுவதில்லை.

எதில் செய்தாலும் ஸ்கேலின் ஒரு சென்டிமீட்டரைப் பிடித்து அளவு வைக்காதீர்கள். எவ்வளவு நீளம் தெரிகிறதோ அவ்வளவையும் பிடியுங்கள். 10 மில்லிமீட்டர் கோட்டில் இரண்டு பிக்சல் தவறினால், அதை வைத்து அளக்கும் 100 மில்லிமீட்டரில் 20 பிக்சல் தவறும்.

அளவு வைப்பதில் என்ன இருக்கிறது என்று எண்ணுகிறவர்களுக்கு 1919-ஆம் ஆண்டு சூரிய கிரகணத்தைச் சொல்வேன். சூரியனின் ஓரத்தை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி 1.75 விகலை வளையும் என்றார் ஐன்ஸ்டீன். ஒரு விகலை என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு. நியூட்டனின் வழியில் கணக்கிட்டால் அதில் பாதி, 0.87. எது சரி என்று பார்க்க, அந்த ஆண்டு மே 29-ஆம் தேதி எடிங்டனும் காட்டிங்ஹாமும் ஆப்பிரிக்காவை ஒட்டிய பிரின்சிபி தீவிலும், குரோமெலினும் டேவிட்சனும் பிரேசிலின் சோப்ரால் ஊரிலும் நின்று, கிரகணச் சூரியனைச் சுற்றிய நட்சத்திரங்களைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்தார்கள். பிறகு நடந்தது, நாம் செய்யும் இதே வேலை: படத்தில் தூரம் அளப்பது. பிரின்சிபி 1.61 என்றது. சோப்ராலின் நான்கு அங்குல லென்ஸ் 1.98 என்றது. அதே சோப்ராலின் இன்னொரு தொலைநோக்கி 0.93 என்றது, அதாவது நியூட்டன் பக்கம் சாய்ந்தது. அந்தத் தொலைநோக்கியில் நட்சத்திரங்கள் மங்கி விழுந்திருந்தன, ஃபோகஸ் மாறியிருந்தது. ஃபோகஸ் மாறினால் தகட்டின் அளவுவிகிதமும் மாறும். அளவுவிகிதம் கொஞ்சம் பெரிதானாலே எல்லா நட்சத்திரமும் நடுவிலிருந்து வெளியே தள்ளியதுபோல் தெரியும். ஒளி வளைந்தாலும் அவை வெளியேதான் தள்ளித் தெரியும். இரண்டையும் பிரிப்பதுதான் அங்கே முழுப் போராட்டமும். அந்தத் தகடுகளுக்கு அவர்கள் குறைவான மதிப்பே கொடுத்தார்கள். அதற்காகப் பல ஆண்டுகள் சிலர் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1979-இல் புதிய கருவி கொண்டு அதே தகடுகளை மறுபடி அளந்தபோது விடை 1.55-க்கு அருகே வந்தது. பிரபஞ்சத்தைப் பற்றிய ஒரு தீர்ப்பு, ஒரு படத்தின் அளவுவிகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

6. சொடுக்கும் இடத்தைத் தீர்மானித்துக்கொண்டு சொடுக்குங்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளியிலிருந்து கத்தியால் வெட்டியதுபோல் தெரிந்த விளிம்பு, உள்ளே போனால் நாலைந்து பிக்சல் அகலத்துக்கு வெளுப்பிலிருந்து கறுப்புக்கு இறங்கும் சரிவாக இருக்கும். அந்தச் சரிவில் எந்தப் படியில் கால் வைக்கிறீர்கள்? வெளுப்புக்கும் கறுப்புக்கும் நடுவான சாம்பல் நிறம்தான் விளிம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் அப்படியே செய்யுங்கள். ஒரு முனையில் உள்விளிம்பையும் மறு முனையில் வெளிவிளிம்பையும் தொட்டால் அளவு கெட்டது. ஸ்கேலின் கோடுகளுக்கும் தடிமன் உண்டு. ஒரு கோட்டின் இடது ஓரத்தில் தொடங்கினால் இன்னொரு கோட்டின் இடது ஓரத்தில்தான் முடிக்க வேண்டும்.

7. கோணத்துக்கு ஸ்கேல் வேண்டாம். ஆனால் படம் இழுபட்டிருக்கக் கூடாது.

கோணத்தின் நல்ல குணம் அது. படத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கினாலும் 45 டிகிரி 45 டிகிரிதான். ஆனால் யாரோ ஒருவர் பக்கத்தில் பொருந்துவதற்காகப் படத்தை அகலவாக்கில் மட்டும் நூற்றுக்குப் பத்து இழுத்திருந்தால், அதே 45 இப்போது 42 ஆகிவிடும். பார்த்தால் தெரியாது. வேர்டு கோப்பிலிருந்தும் பவர்பாயிண்ட் ஸ்லைடிலிருந்தும் எடுத்த படத்தில் கோணம் அளக்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். படத்தின் அளவை மாற்றும் பெட்டியில் அகலத்தையும் உயரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் சங்கிலிக் குறி இருக்கும். அதை அவிழ்க்காதீர்கள்.

8. எந்தக் கோட்டிலிருந்து கோணம் எடுக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு புள்ளி வைத்து ஒரு கோடு இழுத்தால், மென்பொருள் சொல்லும் கோணம் அந்தக் கோட்டுக்கும் திரையின் கிடைக்கோட்டுக்கும் இடையே உள்ளது. உங்கள் பொருளின் தரை திரையின் கிடைக்கோட்டோடு ஒத்திருக்கிறது என்று யார் உங்களுக்கு வாக்குக் கொடுத்தார்கள்? இரண்டு கரங்களுக்கு இடையேயான கோணம் வேண்டுமென்றால் மூன்று புள்ளி வேண்டும். ஜிம்ப்பில் முதல் கோட்டை இழுத்த பிறகு, ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு அதன் முனையில் சொடுக்கி இழுத்தால் இரண்டாவது கரம் முளைக்கும். போட்டோஷாப்பின் ரூலர் கருவியில் இதற்கு ஆல்ட் விசை. இமேஜ்ஜேயில் கோணத்துக்கென்றே தனிக் கருவி உண்டு. இன்னொன்று: ஜிம்ப்பில் இரண்டு புள்ளிக் கோணம் எந்தத் திசையில் இழுத்தாலும் 0-க்கும் 90-க்கும் உள்ளேதான் வரும். 120 டிகிரியை எதிர்பார்த்த இடத்தில் 60 வந்தால் பதற வேண்டாம்.

9. கரம் நீளமாக இருக்கட்டும்.

10 பிக்சல் நீளக் கரத்தின் முனையில் ஒரு பிக்சல் தவறினால் கோணத்தில் கிட்டத்தட்ட 6 டிகிரி போய்விடும். 100 பிக்சல் என்றால் அரை டிகிரிக்குச் சற்று மேல். 1000 பிக்சல் என்றால் கவலையே இல்லை. கோணத்தின் உச்சியைச் சுற்றியே வட்டமிடாமல், கரம் நேராக இருக்கும் மட்டும் நீட்டிக்கொண்டு போய் அங்கே புள்ளி வையுங்கள்.

10. எலும்பு எக்ஸ்ரே அளக்கும் பிள்ளைகள் கவனமாக இருங்கள்.

முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் நோய்க்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். வளைவை அளக்க ஜான் காப் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1948-இல் விவரித்த முறைதான் இன்றும் உலகமெங்கும் நடைமுறை. வளைவின் மேல்கோடியில் மிகவும் சாய்ந்திருக்கும் எலும்பின் மேல்விளிம்பை ஒட்டி ஒரு கோடு, கீழ்க்கோடியில் மிகவும் சாய்ந்திருக்கும் எலும்பின் கீழ்விளிம்பை ஒட்டி ஒரு கோடு. இரண்டுக்கும் இடையேயான கோணம் காப் கோணம். 10 டிகிரியும் அதற்கு மேலும் என்றால்தான் ஸ்கோலியோசிஸ் என்று பெயர் சொல்வார்கள்.

மூன்று புள்ளிக் கருவி இங்கே பயன்படாது. இரண்டு கோடும் பெரும்பாலும் படத்துக்கு வெளியே எங்கோ போய்த்தான் சந்திக்கும். இமேஜ்ஜேயில் தனித்தனியே இரண்டு கோடு இழுத்து, கிடைக்கோட்டோடு ஒவ்வொன்றும் செய்யும் கோணத்தை எடுத்துக் கழியுங்கள். இரண்டையும் இடமிருந்து வலமாகவே இழுங்கள். இல்லாவிட்டால் குறி தலைகீழாகும். மேல்கோடு 12, கீழ்க்கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்து கழித்தல் 18 என்றால், காப் கோணம் 30.

கைதேர்ந்த இரண்டு மருத்துவர்கள் ஒரே படத்தை அளந்தாலும் 5 டிகிரி வரை வித்தியாசம் வருவது சகஜம். எந்த எலும்பை மிகவும் சாய்ந்தது என்று தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே அது தொடங்கிவிடுகிறது. ஆறு மாதத்துக்கு முன் 24, இப்போது 27 என்று எழுதிவிட்டு வளைவு கூடிவிட்டது என்று ஒரு தாயிடம் சொல்லிவிடாதீர்கள். முந்தைய படத்தில் எந்த எலும்புகளைப் பிடித்தார்களோ அதே எலும்புகளைப் பிடித்து அளந்து டாக்டரிடம் கொடுங்கள். சொல்வது அவர் வேலை.

எக்ஸ்ரேயில் நீளம் அளப்பது இன்னும் சிக்கல். கதிர் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வருவதால் எலும்பு எப்போதும் உண்மையைவிடப் பெரிதாகவே விழும். தகட்டிலிருந்து எலும்பு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு பெரிதாக. அளவு தெரிந்த ஓர் உலோகக் குண்டை அந்த எலும்பின் மட்டத்தில் வைத்து எடுப்பது அதற்காகத்தான்.

11. நுண்ணோக்கியில் ஒவ்வொரு லென்ஸுக்கும் தனி அளவு.

ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த கண்ணாடிச் சில்லு ஒன்று ஆய்வுக்கூடத்தில் இருக்கும்; ஒரு பிரிவு 10 மைக்ரான். அதை ஒவ்வொரு லென்ஸிலும் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை பிக்சல் என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். கேமராவை மாற்றினாலும், கேமராவின் பிக்சல் எண்ணிக்கைத் தேர்வை மாற்றினாலும் மறுபடி எடுங்கள். படத்தின் கீழே '400 மடங்கு' என்று எழுதாதீர்கள். அச்சில் படம் சுருங்கினால் அந்த எண் பொய்யாகிவிடும். 50 மைக்ரான் நீளத்துக்கு ஒரு கோட்டைப் படத்திலேயே பதித்துவிடுங்கள். படம் சுருங்கினால் அதுவும் சேர்ந்து சுருங்கும்.

சாதாரண ஒளி நுண்ணோக்கியால் சுமார் 0.2 மைக்ரானுக்குக் கீழே இரண்டு பொருளைப் பிரித்துக் காட்ட முடியாது. பிக்சல் எத்தனை கோடி இருந்தாலும் அந்த எல்லை நகராது.

12. அளந்ததை வர்க்கப்படுத்தும் இடத்தில் இரட்டிப்பு எச்சரிக்கை.

விக்கர்ஸ் கடினத்தன்மைச் சோதனையில் 136 டிகிரி முகக்கோணம் கொண்ட, சதுர அடியுள்ள வைரப் பிரமிடை உலோகத்தில் அழுத்தி, விழுந்த சதுரத் தடத்தின் மூலைவிட்டங்களைப் படத்தில் அளப்போம். ஒரு கிலோ எடையில் மூலைவிட்டம் 0.100 மில்லிமீட்டர் என்றால் கடினத்தன்மை 185. அதையே 0.098 என்று அளந்தால் 193. வெறும் 2 மைக்ரான் கை பிசகியதில் எட்டு எண் ஏறிவிட்டது. மூலைவிட்டம் வர்க்கமாகிக் கணக்கில் சேர்வதால் நூற்றுக்கு இரண்டு தவறு நான்காகிறது. பரப்பளவுக்கும் இதே கதி. நீளத்திலிருந்து கன அளவு கணக்கிட்டால் மூன்று மடங்கு.

13. அசலைத் தவிர வேறெதையும் அளக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் சுருக்கப்பட்ட படம். நுண்ணிய விளிம்புகள் அதில் கரைந்திருக்கும். அனுப்புகிறவரிடம் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை அளக்காதீர்கள். அசலை ஒரு போல்டரில் பூட்டிவைத்து, நகலில் வேலை செய்யுங்கள். படத்தைச் சுழற்றி நேராக்கும் பொத்தான் அழகாகத்தான் இருக்கும். சுழற்றும்போது ஒவ்வொரு பிக்சலும் பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து புதிதாக உண்டாக்கப்படுகிறது. திரையில் சுழன்று தெரியும் படத்தை அப்படியே அளக்கலாம்; தூரம் சுழற்சியால் மாறாது.

14. மூன்று முறை அளங்கள், உண்மையாக எழுதுங்கள்.

முதல் எண்ணை மறைத்துவிட்டு இரண்டாவது முறை அளங்கள். முடிந்தால் மூன்றாவது முறை வேறொருவர் அளக்கட்டும். 12.3, 12.5, 12.4 என்று வந்தால் 12.4, கூடக் குறைய 0.1 என்று எழுதுங்கள். மென்பொருள் 12.3847 என்று நான்கு தசம இடம் காட்டியது என்பதற்காக அதை எழுதினால், உங்களுக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்கிறீர்கள். கோப்பின் பெயர், ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை பிக்சல், எந்த விளிம்பிலிருந்து எந்த விளிம்பு வரை, யார் அளந்தது, என்றைக்கு அளந்தது, இவை எல்லாம் எண்ணின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மூன்று வருஷம் கழித்து ஒருவர் அதே படத்தை எடுத்து அதே அளவுக்கு வர முடிய வேண்டும்.

15. அளக்க முடியாத படத்தை அளக்க மாட்டேன் என்று சொல்லுங்கள்.

ஸ்கேல் இல்லை, பக்கவாட்டில் எடுத்தது, யாரோ நான்கு பேர் மாற்றி மாற்றி அனுப்பியது. அதைக் கொண்டுவந்து விரிசல் எத்தனை மில்லிமீட்டர் சொல் என்பார்கள். மேலதிகாரியாக இருப்பார், அவசரம் என்பார், உத்தேசமாகச் சொன்னால் போதும் என்பார். உத்தேசம் என்று வாயால் சொன்னது அறிக்கையில் உத்தேசம் என்ற சொல் இல்லாமல் ஏறிவிடும். மரியாதையாக மறுத்துவிட்டு, நேரில் போய் வெர்னியர் காலிபரால் அளந்து வாருங்கள். பொருள் கையில் இருக்கும்போது படத்தில் அளப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

16. தொடங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

உங்கள் பர்ஸில் இருக்கும் ஏடிஎம் கார்டு உலகம் முழுக்க ஒரே அளவு: 85.60 மில்லிமீட்டர் நீளம், 53.98 மில்லிமீட்டர் அகலம். அதன் எண் தெரியாதபடி காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு, ஸ்டீல் ஸ்கேலோடு சேர்த்து மேசையில் வைத்துப் படம் எடுங்கள். ஸ்கேலைக் கொண்டு அளவு வைத்து, கார்டை அளங்கள். பிறகு கார்டைப் படத்தின் நான்கு மூலைக்கும் நகர்த்தி நான்கு படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் அளங்கள். பக்கத்துப் பக்கங்களுக்கு இடையே உள்ள கோணம் 90 வருகிறதா என்றும் பாருங்கள். எல்லாப் படத்திலும் நீளம் 85.6-க்கு அரை மில்லிமீட்டருக்குள் வந்தால், உங்கள் கேமராவும் ட்ரைபாடும் கையும் வேலைக்குத் தயார். வராவிட்டால் எந்த மூலையில் எவ்வளவு தவறுகிறது என்று எழுதிவைத்து, காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு ஊரார் படத்தைத் தொடுங்கள்.